‘சூட்டை இழுக்குது மிஸ்’: பேசாத மாணவன் ஒருவனும் என் வகுப்பும்

பி.எட். படிக்கும்போது எல்லாரும் ஒரு தனியாள் ஆய்வு எழுதித் தர வேண்டும். ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்து, குடும்பப் பின்னணி, பிரச்சினை, காரணம், எடுத்த நடவடிக்கை, பலன் என்று கட்டம் கட்டமாக நிரப்புவோம். நானும் நிரப்பினேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்தக் கட்டங்கள் எதிலும் ஆசிரியரைப் பற்றி எழுத இடம் கிடையாது என்பது 14 வருடம் பாடம் நடத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆய்வை அந்தக் கட்டத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

சேலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி. பதினோராம் வகுப்பு, தமிழ் வழி, 46 பேர். நான் இயற்பியல் ஆசிரியை. இதில் வரும் மாணவனின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ‘அவன்’ என்றே எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவனிடமும் அவன் அப்பாவிடமும் படிக்கக் கொடுத்தேன். அவர்கள் சரி என்ற பிறகுதான் மற்றவர்களுக்குக் காட்டுகிறேன்.

ஜூன் முதல் தீபாவளி வரை

அவன் மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரமாக உட்காருவான். நோட்டு சுத்தமாக இருக்கும், படம் அளவெடுத்துப் போட்டது போல இருக்கும். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பான். நான் கொஞ்சம் வற்புறுத்தினால் பக்கத்தில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்: “அவன் பேச மாட்டான் மிஸ்.” காலாண்டுத் தேர்வில் 70-க்கு 28.

ஆய்வகத்தில் மட்டும் வேறு ஆள். திருகு அளவியில் கம்பியின் விட்டம் எடுக்கும் சோதனையை மற்றவர்கள் பாதி முடிப்பதற்குள் அவன் முடித்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். “கம்பியைப் பாத்தாலே இவன் சைஸ் சொல்லிடுவான் மிஸ்” என்று அவனோடு நின்ற பையன் ஒருநாள் சொன்னான். நான் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த ஆய்வு ஆறு மாதம் முன்னாலேயே முடிந்திருக்கும்.

என் குறிப்பேட்டில் அவனைப் பற்றி எழுதியிருந்தது இரண்டே வரி: “கூச்ச சுபாவம். தன்னம்பிக்கை குறைவு.” அதற்கு நாம் வழக்கமாகச் செய்யும் வைத்தியத்தை எல்லாம் செய்தேன். தனியாகக் கூப்பிட்டு, “தைரியமா பேசணும்பா, நாளைக்கு இன்டர்வியூல போய் என்ன பண்ணுவ?” என்றேன். பாடப் பகுதியைச் சத்தமாக வாசிக்க வைத்தேன். தலையாட்டினான், வாசித்தான். மறுநாள் மறுபடியும் தரையைப் பார்த்தான். தீபாவளி நெருங்கும்போது வாரத்துக்கு இரண்டு நாள் வரவே இல்லை.

செல்போனில் என் குரல்

திருப்பம் என் வீட்டில் வந்தது. மகள் எட்டாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “அம்மா, நீயே கேள்வி கேட்டுட்டு நீயே பதில் சொல்லிடற. அப்புறம் எதுக்கும்மா கேக்குற?”

அன்று முழுக்க அது மனதில் குத்திக்கொண்டே இருந்தது. அந்த வாரத்திலேயே ஒருநாள் செல்போனை மேசையில் வைத்து ஒரு பாடவேளை முழுவதையும் பதிவு செய்தேன். 40 நிமிடம். பாடம், வெப்பமும் வெப்ப இயக்கவியலும். அன்று வெப்பக் கடத்தல்.

இரவு பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கேட்டேன். என் குரலை நானே கேட்பது முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு கூச்சம் போய் வேறொரு வருத்தம் வந்தது. “புரிஞ்சுதா?” என்று 37 முறை கேட்டிருக்கிறேன். “புரிஞ்சுது மிஸ்” என்று கோரஸாகப் பதிலும் வந்திருக்கிறது. மற்ற கேள்விகள் 22. அவற்றில் 15-க்கு நானே பதில் சொல்லியிருக்கிறேன். கேள்வி முடிந்த இடத்துக்கும் நான் மறுபடி வாயைத் திறந்த இடத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை.

இது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ, வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை வைத்து ஆராய்ந்து 1970-களில் எழுதியது இதைத்தான். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதையே 3 விநாடிக்கு மேல் கொண்டுபோனபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். அவர் இரண்டு காத்திருப்பைப் பிரித்துக் காட்டுகிறார். கேள்விக்குப் பின் ஒன்று. மாணவர் பேசி நிறுத்திய பின், ஆசிரியர் ‘சரி’, ‘தப்பு’ என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் இன்னொன்று. காத்திருப்பு நேரம் என்ற தலைப்பில் பி.எட். நோட்டில் நானே இதை எழுதித் தேர்விலும் எழுதியிருக்கிறேன். எழுதியதோடு சரி.

பதிவின் 26-வது நிமிடம்தான் இந்த ஆய்வின் மையம். கார்த்திகை மாதக் காலை, நல்ல குளிர். நான் கேட்கிறேன்: “இந்த இரும்பு நாற்காலியும் மர பெஞ்சும் ராத்திரி முழுக்க ஒரே அறையிலதான் இருந்துச்சு. தொட்டா இரும்பு மட்டும் ஏன் சில்லுன்னு இருக்கு?”

ஜன்னல் பக்கமிருந்து மிக மெல்லிய குரல்: “சூட்டை இழுக்குது மிஸ்.”

உடனே நான்: “சூடுன்னு சொல்லக் கூடாது, வெப்பம். ம், யாரு சொல்றீங்க?”

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி: “இரும்பு ஒரு நற்கடத்தி மிஸ்.”

நான்: “வெரி குட்.”

ஒலியைக் கூட்டி ஆறு தடவை திரும்பத் திரும்பக் கேட்டேன். அவன் குரல்தான். ஐந்து மாதமாகப் பேசாதவன் என்று நான் எழுதி வைத்திருந்தவன் பேசியிருக்கிறான். வகுப்பில் நின்றுகொண்டிருந்த எனக்கு அது காதில் விழுந்திருக்கிறது, திருத்தவும் திருத்தியிருக்கிறேன், ஆனால் யார் சொன்னது என்று தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அதைவிட, அவன் சொன்னது சரி. அந்தப் பெண் சொன்னதும் சரிதான், ஆனால் அது ஒரு பெயர். ‘நற்கடத்தி’ என்று சொன்னவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். ‘சூட்டை இழுக்குது’ என்பது நடப்பதையே சொல்கிறது: இரும்பும் மரமும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன, இரும்பு நம் கையிலிருந்து வெப்பத்தை வேகமாகக் கடத்திக்கொண்டு போகிறது, அதனால் கை குளிர்கிறது.

சூடு என்ற சொல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பேச்சில் சூடு என்பது வெப்பத்தையும் குறிக்கும், வெப்பநிலையையும் குறிக்கும். இயற்பியலில் இரண்டும் வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் அந்தப் பாடத்தில் ஒரு அடி நகர முடியாது. அதனால்தான் ‘சூடு’ என்ற சொல்லைக் கேட்டதுமே திருத்தும் பழக்கம் எனக்கு வந்தது. அந்த அக்கறையில் தவறில்லை. ஆனால் அவன் வாக்கியத்தில் சூடு என்பது வெப்பத்தைத்தான் குறித்தது, அதுவும் சரியான பொருளில். நான் திருத்தியது தப்பான கருத்தை அல்ல, அவன் வீட்டுப் பேச்சை. பின்னால் அவனிடம் கேட்டபோது, ஒன்பதாம் வகுப்பில் மின்னோட்டம் என்பதற்குக் ‘கரண்டு’ என்று சொல்லி வகுப்பே சிரித்ததையும் சொன்னான். அதற்குப் பிறகு வாயைத் திறக்கும் முன் ‘புத்தகத்தில் இதற்கு என்ன பேர்’ என்று தேடுவானாம். தேடி முடிப்பதற்குள் என்னைப் போன்ற ஆசிரியர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

சிவதாபுரம் பக்கம் ஒரு பட்டறை

அரையாண்டு விடுமுறையில், வராத நாட்களைப் பற்றிப் பேச அவன் வீட்டுக்குப் போனேன். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு என்று வெள்ளிக் கொலுசு வேலை நடக்கும் பகுதிகளில் வீடும் பட்டறையும் பல இடங்களில் ஒன்றுதான். முன்கட்டில் வேலை, பின்கட்டில் குடித்தனம். தீபாவளி ஆர்டருக்காக வீட்டில் எல்லாரும் உட்கார்ந்ததால்தான் பையன் வரவில்லை, இனிமேல் அனுப்பிவிடுகிறேன் டீச்சர் என்று அப்பா சொன்னார். அந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. டீ வரும் வரை உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் நான் பார்க்க வேண்டியதைப் பார்த்தேன்.

அவனுடைய அத்தை, அப்பாவின் தங்கை, ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் வேலை பார்த்துவிட்டுப் புதிதாக இங்கே வந்திருந்தார். கொலுசுச் சங்கிலியின் நுனியில் கொக்கி மாட்டும் வளையத்தைப் பற்றவைக்கப் பழகிக்கொண்டிருந்தார். செங்கல் மேல் சங்கிலி. சேர வேண்டிய இடத்தில் வெண்காரக் கரைசலைத் தொட்டு வைத்து, அதன் மேல் பொடியைத் தூவினார். பொடி என்பது வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் கலந்த கலவை. சுத்த வெள்ளி சுமார் 962 டிகிரி செல்சியஸில் உருகும், இந்தக் கலவை அதற்கு முன்பே உருகிவிடும், அதனால்தான் நகை உருகாமல் ஒட்டு மட்டும் உருகுகிறது. நகைப் பட்டறையில் பொடி வைத்து ஊதுவதிலிருந்துதான் ‘பொடி வைத்துப் பேசுவது’ வந்தது என்பார்கள்.

அத்தை டார்ச்சைப் பொடிக்கு நேராகக் காட்டினார். பொடி உருகி, ஒட்டாமல், கடுகு மாதிரி உருண்டு நின்றது. இரண்டாவது முறையும் அப்படியே. அவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கவனித்தானா என்று தெரியவில்லை.

“அத்தை, பொடிக்கு நெருப்புக் காட்டாதீங்க. சங்கிலிக்குக் காட்டுங்க. சங்கிலி சூடானா பொடி தானா ஓடும். சூடு எங்க இருக்கோ அங்கதான் அது போகும்.”

“ஒட்ட வேண்டியது இந்த வளையம் மட்டும்தானே சாமி? எதுக்கு எல்லாத்தையும் போட்டுச் சுடணும்?”

அவன் யோசித்தான். அத்தையும் டார்ச்சைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். “வெள்ளி சூட்டை ஒரு இடத்துல நிக்க விடாது அத்தை. வளையத்துக்கு மட்டும் காட்டுனீங்கன்னா, அது பக்கத்துக் கண்ணிக்குத் தள்ளிவிட்டுட்டே இருக்கும். கொதிக்கிற குழம்புல எவர்சில்வர் கரண்டியைப் போட்டு வெச்சா கொஞ்ச நேரத்துல காம்பு சுடுதில்ல? இது அதைவிட ரொம்ப வேகம். அதனால சுத்தியும் சூடு பண்ணிட்டு, கடைசியா வளையத்துக்கு வரணும்.”

பிறகு அவன் ‘புரிஞ்சுதா’ என்று கேட்கவில்லை. “எங்க, நீங்க பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். அத்தை சங்கிலியின் மேல் சுடரை முன்னும் பின்னும் ஓட்டினார். நிறம் மாறியது. ஒரு நொடியில் பொடி நீர் மாதிரி மினுங்கி இடைவெளிக்குள் ஓடி மறைந்தது. “அட” என்றார் அத்தை. அவன் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லா உலோகங்களிலும் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளிதான். அந்த ஒரு வரியை வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அதை வைத்து ஒரு வேலை நடப்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன், அதுவும் என் கணக்கில் தேர்ச்சிக்குத் தடுமாறும் ஒரு மாணவன் விளக்கிக் கேட்டு.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்றுதான் மனதில் ஓடியது. அத்தைக்கு உண்மையிலேயே தெரியாது. அவர் கேட்டது தனக்குத் தேவைப்பட்ட கேள்வி. என் வகுப்பில் நான் கேட்கும் எந்தக் கேள்விக்கும் பதில் எனக்கு முன்பே தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தவரிடம் போய்த் தெரிந்ததைச் சொல்வது தேர்வு. அதில் என்ன பேச்சு இருக்கிறது? ‘பேசப் பழகு’ என்று ஆறு மாதம் அவனுக்கு அறிவுரை சொன்னேன். பேசுவதற்கு ஒரு ஆளை நான் அவனுக்குக் கொடுக்கவே இல்லை.

நான் செய்த அவசரம்

இங்கே கதை நல்லபடியாகத் திரும்பியது என்று எழுத எனக்கும் ஆசைதான். பொங்கல் முடிந்து பள்ளி திறந்ததும் நான் செய்தது இது: முதல் நாள் மாலை அவனைக் கூப்பிட்டு, “பட்டறையில அத்தைக்குச் சொன்னியே, அதை அப்படியே நாளைக்கு வகுப்புல சொல்லு” என்றேன். அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. நான் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஒரு துண்டு வெள்ளிச் சங்கிலியோடு அவனை முன்னால் நிறுத்திவிட்டு, நான் கடைசிப் பெஞ்சில் போய் மதிப்பெண் நோட்டோடு உட்கார்ந்தேன். பின்னாலிருந்து யாரோ “கொலுசு, கொலுசு” என்று முணுமுணுத்தார்கள். “வெப்பமானது...” என்று அவன் ஆரம்பித்தான். அத்தையிடம் பேசியபோது இந்த ‘ஆனது’ இல்லை. மறுபடியும் “வெப்பமானது” என்றான். பிறகு நின்றுவிட்டான். எத்தனை நேரம் என்று நான் எண்ணவில்லை. காதுமடல் சிவந்துபோய் இடத்துக்குப் போனான். அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. அவன் அப்பா போனில், குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல், “பட்டறைச் சமாச்சாரத்தை ஸ்கூல்ல பேச வேண்டாங்கறான் டீச்சர்” என்றார்.

அவன் திரும்பி வந்த அன்று, “உன்னைக் கேக்காம நானா முடிவு பண்ணிட்டேன். தப்பு என்னோடதுப்பா” என்றேன். “பரவால்லங்க மிஸ்” என்றான். பரவாயில்லை என்பது போல அவன் முகம் இல்லை.

நான் என்ன பிழை செய்தேன் என்று யோசித்ததை எழுதுகிறேன். பாடம் ஏற்கெனவே நடத்தி முடித்தது, கேட்ட 45 பேருக்கும் அது புதிதில்லை, ஒருவருக்கும் அது தேவைப்படவில்லை. பட்டறையில் எதிரே ஒரே ஆள், கையில் வேலை, நடுவில் கேள்வி. இங்கே வேலையும் இல்லை, கேள்வியும் இல்லை, கையில் நோட்டோடு ஒரு ஆசிரியை. பேச்சை மட்டும் பிய்த்து எடுத்து வந்து மேடையில் வைத்தால் அது நிற்குமா? இப்போது எழுதும்போதும் அந்தக் காதுமடல்தான் ஞாபகம் வருகிறது.

நேற்று வராதவர்

46 பேரில் தினமும் நான்கைந்து பேர் வரமாட்டார்கள். காய்ச்சல், கோயில், வீட்டு வேலை. இத்தனை வருடமாக அது எனக்குத் தலைவலி. அவர்கள்தான் நான் தேடிக்கொண்டிருந்த ‘உண்மையிலேயே தெரியாத ஆள்’ என்பது ஜனவரிக் கடைசியில்தான் புலப்பட்டது.

ஏற்பாடு எளிது. பாடவேளையின் முதல் எட்டு நிமிடம். நேற்று வராதவர் யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்வார். சொல்பவர் எந்த வார்த்தையில் வேண்டுமானாலும் சொல்லலாம். மற்றவர்கள் நேற்றைய கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். எட்டு நிமிடம் முடிந்ததும் நான் கேள்வி கேட்பது வராதவரிடம்தான், சொல்லிக் கொடுத்தவரிடம் இல்லை.

கரும்பலகையின் ஓரத்தில் இரண்டு பத்தி போட்டேன்: ‘நாம சொல்றது’, ‘புத்தகம் சொல்றது’. சூடு என்றால் அந்தப் பக்கம் வெப்பம், வெப்பநிலை என்று இரண்டு. பாரம் என்றால் நிறை, எடை. பலம் என்றால் விசை, திறன், ஆற்றல் என்று மூன்று. வேகம் என்றால் வேகமும் திசைவேகமும். நம் ஒரு சொல்லுக்குப் புத்தகத்தில் ஏன் இரண்டு, மூன்று என்று கேட்டாலே பாதிப் பாடம் வந்துவிடுகிறது. ஒரு காலத்தில் நான் வாயை அடைத்த அதே ‘சூடு’ இப்போது பாடத்தின் வாசலாகிவிட்டது. இந்தப் பத்தியை மட்டும் எந்த ஆசிரியர் வேண்டுமானாலும் நாளைக்கே போட்டுப் பார்க்கலாம்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்க எனக்கு ஒரு வழி தேவைப்பட்டது. எங்கள் வகுப்பு ஜன்னலில் சேர்வராயன் மலை தெரியும். கேள்வி கேட்டதும் மலையை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்புவேன். மூன்று நான்கு விநாடி ஆகிவிடும். மாணவர் பேசி முடித்ததும் இன்னொரு முறை. முதல் வாரம் அந்த அமைதி எனக்கு மூச்சு முட்டியது. இரண்டாவது வாரம் பிள்ளைகளே, “மிஸ் மலையைப் பாக்கறாங்க, சொல்லுடா” என்று ஒருவரை ஒருவர் உசுப்ப ஆரம்பித்தார்கள்.

அவனைத் தேடி வந்த முதல் ஆள் ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பையன். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். காப்பித் தோட்டத்தில் வீட்டார் வேலை, பழம் பறிக்கும் பருவத்தில் இந்த மலைப் பையன் அடிக்கடி வரமாட்டான். பாடம், தன் வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோ பொருளின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பம். நான் இரண்டு பெஞ்சு தள்ளி நின்று, பார்க்காதது போலக் கேட்டேன். எங்கள் பையன் சூத்திரத்தில் ஆரம்பிக்கவில்லை. “காப்பிக் கொட்டை எதுல காயப் போடுவீங்க?” என்று கேட்டான். சிமென்ட் களத்தில் என்றான் மலைப் பையன். “சாயங்காலம் களம் சுடுமா? பக்கத்துல தகரக் கூரை இருந்தா அது சுடுமா?” மலைப் பையன் யோசித்துவிட்டு, தகரம் வெயில் போனதும் ஆறிவிடும், களத்தில் மட்டும் இருட்டிய பிறகும் கால் வைத்தால் கதகதவென்று இருக்கும் என்றான். “அப்ப எது நிறைய சூட்டை வாங்கி வெச்சிருக்கு?”

சொல்லிக் கொடுப்பவன் கேள்வி கேட்கிறான், பதில் கேட்பவன் கையில் இருக்கிறது. இதை நான் எங்கேயும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அவர்கள் வந்து சேர்ந்த முடிவில் ஒரு ஓட்டையும் இருந்தது. களம் கனமானது, தகரம் மெல்லியது, இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ‘ஒரு கிலோவுக்கு எவ்வளவு’ என்பதுதான் தன் வெப்ப ஏற்புத்திறன், அந்த ‘ஒரு கிலோவுக்கு’ விட்டுப்போயிருந்தது. அதை வகுப்புக்குப் பொதுவாக எடுத்துப் பேசினேன். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கும்போது பிழையும் சேர்ந்தே பரவும். முதல் மாதத்தில் இப்படி நான்கு இடம் பிடித்தேன். பிடிக்காமல் விட்டவை எத்தனையோ. எட்டு நிமிடம் முடிந்து வராதவரிடம் கேள்வி கேட்கும் அந்தப் பகுதியை விட்டுவிட்டால் இந்த ஏற்பாடே ஆபத்து என்பது என் அனுபவம்.

இன்னொரு எதிர்ப்பு, நியாயமானது. வகுப்பில் முதலாவதாக வரும் பெண் வந்து கேட்டாள்: “எனக்கு இதுல என்ன மிஸ் இருக்கு? என் நேரம்தானே போகுது?” என்னிடம் உடனே பதில் இல்லை. ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது தமிழ் ஐயா நன்னூலை எடுத்துக் காட்டினார். பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதியது. அதன் பாயிரத்தில் மாணவர் கற்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்கு, உடன் பயில்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால், மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்வதில். ஐயா பக்கத்தைத் திருப்பி, கற்பிப்பவருக்குச் சொன்னதையும் படித்துக் காட்டினார்: “விரையான் வெகுளான்.” அவசரப்படாதவன், கோபப்படாதவன். வெகுளாமல் இருப்பேன் என்று ஓரளவு சொல்லிக்கொள்வேன். விரையாமல் இருந்ததே இல்லை.

அந்தப் பெண்ணிடம் கால், அரைக் கணக்கைச் சொன்னேன். முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து, யாரும் கேட்காமல், “நேத்து அவளுக்குச் சொல்லும்போதுதான் மிஸ், என்ட்ரோபி எனக்கே தெரியலைன்னு தெரிஞ்சுது” என்றாள்.

நமக்குத் தெரிந்தது எதிராளிக்கும் கேட்டுவிட்டது என்று நினைப்பது ஆசிரியர்களுக்கு மட்டுமான குறை இல்லை. 1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு சோதனை செய்தார். ஒருவர் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 முறை தட்டியதில் சரியாகச் சொன்னது 3. தட்டுபவரின் தலைக்குள் பாட்டு ஓடுகிறது, கேட்பவருக்கு டொக் டொக் மட்டும்தான். என்னுடைய 37 ‘புரிஞ்சுதா’வும் அப்படித்தான் விழுந்திருக்கும்.

என்ன மாறியது, என்ன மாறவில்லை

பிப்ரவரிக் கடைசியில் மறுபடி பதிவு செய்தேன். ‘புரிஞ்சுதா’ 9. முதல் பதிவில் 40 நிமிடத்தில் 34 நிமிடம் என் குரல். இதில் 21. நான் பதில் சொல்லிவிட்ட என் கேள்விகள் 3.

அவன் ஆண்டுத் தேர்வில் 70-க்கு 41 வாங்கினான். இதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது, தைக்குப் பிறகு அவன் அப்பா ஒரு நாளும் அவனை நிறுத்தவில்லை, அதுவே பெரிய காரணமாக இருக்கலாம். காலை வணக்கக் கூட்டத்தில் பேச அழைத்தால் இன்னும் மறுக்கிறான். நான் வற்புறுத்துவதில்லை. வகுப்பில் தானாகக் கை தூக்குவது வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை. ஆனால் வராதவர்கள் தேடிப் போகும் மூன்று பெஞ்சுகளில் அவனுடையதும் ஒன்று.

பாடம் பின்தங்கியது. எட்டு எட்டு நிமிடமாகப் போனது மார்ச்சில் தெரிந்தது. கடைசி அலகான அலைகளை இரண்டு சனிக்கிழமை வைத்து ஓட்டினேன். அந்த இரண்டு நாளும் மலையைப் பார்க்கவில்லை, நானே கேட்டு நானே சொன்னேன். அதில் யாருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. இந்த வருடம் ஜூனிலேயே ஆரம்பித்திருக்கிறேன், ஐந்து நிமிடமாகக் குறைத்து.

வீட்டிலும் கொஞ்சம் மாறியிருக்கிறேன். மகள் கணக்குப் போடும்போது நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்கிறேன். கையில் கத்தி இருந்தால் வாய் அவசரப்படுவதில்லை.

அவன் திருத்தியது

இதுவரை எழுதியதை அச்செடுத்து அவனிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்தான். மதிய இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான்.

“மிஸ், பட்டறை வர்ற இடத்துல ஒண்ணு விட்டுப்போச்சு.”

எது என்று கேட்டேன். தாளை மேசையில் விரித்து, வெண்காரம் வைத்து, பொடி தூவி, அத்தை டார்ச்சைக் காட்டிய வரியில் விரலை வைத்தான்.

“உடனே காட்ட மாட்டோம் மிஸ். வெண்காரத்துல தண்ணி இருக்கும். சூடு பட்டதும் பொங்கும். அப்ப கிட்டக் காட்டுனா பொடியைத் தூக்கி வெளிய போட்டுடும். முதல்ல நெருப்பைத் தள்ளிப் புடிக்கணும். அது பொங்கி, அடங்கி, கண்ணாடி மாதிரி படியும். அது வரைக்கும் சும்மா இருக்கணும். அப்புறம்தான் கிட்டப் போகணும். அத்தை அன்னைக்கு அதையும் சேத்துத்தான் பண்ணாங்க, நீங்க கவனிக்கல போல.”

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது.

அவன் ஜன்னல் பக்கம் பார்த்து யோசித்தான்.

“நேரம்னு இல்ல மிஸ். பாத்துட்டே இருந்தா தெரியும்.”